வலப்பக்கம் ஓடிய வெட்டு: ஒரு செயின்சாவும் ஓர் இருவர் ரம்பமும்

விழுந்து நன்றாகக் காய்ந்த கெட்டி மரம். அடிமரத்தின் விட்டம் 40 செ.மீ. இரண்டு முனையும் மேட்டில் உட்கார்ந்திருக்க, நடுப்பகுதி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் அந்தரமாக நிற்கிறது. பட்டையில் மழைக்குத் தெறித்த மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது. கையில் 50 சிசி செயின்சா, 18 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு), .325 பிட்ச் செயின் (பிட்ச் என்பது கண்ணிகளின் இடைவெளி அளவு, அங்குலத்தில்), 72 டிரைவ் லிங்க் (பாரின் விளிம்பில் உள்ள பள்ளமான காடிக்குள் ஓடும் கண்ணி). நடுவில் குறுக்கே அறுத்து மரத்தை இரண்டாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

முதல் 5 செ.மீ. வரை சில்லு வந்தது. பிறகு மாவு போன்ற தூள். மெஷினை அழுத்தினால்தான் இறங்குகிறது. பாதி ஆழத்தில் பார் புகைந்தது. வெட்டு நேராக இறங்காமல் வலப்பக்கம் வளைந்தது. மூன்றில் இரண்டு பங்கு போனதும் தடம் மேலே மூடிக்கொண்டு பாரைக் கவ்விப் பிடித்தது. பிறகு இருவர் இழுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்து ஒரு முழம் தள்ளி அறுக்கத் தொடங்கினால், அதுவும் 10 செ.மீ.க்குள் கனத்துப்போய் அதே வலப்பக்கம் ஓடியது.

இது ஒரு நாளின் கதையோ ஓர் ஆளின் கதையோ அல்ல. களத்தில் தனித்தனியாக வரும் கோளாறுகளை ஒரே மரத்தில் சேர்த்துவைத்து, எதை எந்த வரிசையில் பார்த்தால் காரணம் பிடிபடும் என்று காட்டும் நிகழ்வு. இந்த இடத்தில் "மெஷினுக்கு இழுவை போதவில்லை", "மரம் ரொம்பக் கெட்டி" என்று இரண்டு தீர்ப்புகள் உடனே வரும். இரண்டும் தவறு. ஓர் இயந்திரமும் ஒரு கைக்கருவியும் ஒரே பக்கம் ஓடினால், பார்க்க வேண்டியது இரண்டுக்கும் பொதுவான ஒன்றை. அது பல்.

முதலில், சிக்கிய பார்

எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஓடவிட்டு இழுத்தால் க்ளட்ச் வெந்துபோகும். ஆட்டி இழுத்தால் பார் வளையும். வெட்டுத் தடத்தின் மேல்வாயில் பிளாஸ்டிக் ஆப்போ மர ஆப்போ வைத்து மெதுவாக அடித்துத் திறக்கப் பார்க்கலாம். இரும்பு ஆப்பு கூடாது. செயின் தொட்டால் பல் போய்விடும். ஆப்புக்கு மசியாவிட்டால், பக்க மூடியின் நட்டுகளைக் கழற்றி எஞ்சினைத் தனியே எடுத்துவிட்டு, பாரையும் செயினையும் மரத்திலேயே விட்டுவிடலாம். எஞ்சின் பத்திரமாக இருக்கும். பிறகு ஒரு முழம் தள்ளி வேறு கருவியால் அறுத்து மரத்தின் இறுக்கத்தைத் தளர்த்தினால், பார் தானாக விடுபடும்.

பார் சிக்கியதற்குக் காரணம் பல் அல்ல என்பதை இங்கேயே பிரித்துவிட வேண்டும். இரு முனையிலும் தாங்கி நிற்கும் மரத்தில் மேல்பாதி அமுக்கத்திலும் கீழ்பாதி இழுவிசையிலும் இருக்கும். மேலிருந்து மட்டுமே அறுத்துக்கொண்டு போனால், மரம் தன் எடையால் நடுவில் தொய்ந்து தடத்தின் வாயை மூடும். எவ்வளவு கூரான செயினாக இருந்தாலும் மூடும். ஒரு முனை மட்டும் தாங்கி மறுமுனை அந்தரத்தில் நீண்டிருந்தால் நிலைமை தலைகீழ்: அமுக்கம் கீழே, இழுவிசை மேலே. எந்த மரத்திலும் அமுக்கம் உள்ள பக்கம் முதலில் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மிச்சத்தை இழுவிசைப் பக்கத்திலிருந்து முடிப்பதுதான் முறை.

தூள்

கூரான செயின் குறுக்கறுப்பில் தடிமனான சிறு சில்லுகளை வீசும். மாவு வந்தால் பல் வெட்டவில்லை, தேய்க்கிறது என்று பொருள். இந்த மரத்தில் அதற்கு இரண்டு காரணங்கள் ஒன்றுசேர்ந்தன.

ஒன்று, பட்டையில் இருந்த மண். செயினின் வெட்டும் பல் எஃகால் ஆனது. அதன் மேல்தகட்டிலும் பக்கத்தகட்டிலும் மெல்லிய குரோம் பூச்சு உண்டு. உண்மையில் கூர்முனையாக நின்று வெட்டுவது அந்தப் பூச்சின் விளிம்புதான். மணல் துகள் பட்டால் விளிம்பில் பூச்சு பெயர்ந்துவிடும். இதைப் பலரும் கவனிப்பதில்லை: இரண்டு இழுப்பு அரம் போட்டதும் முனை பளபளக்கும், ஆனால் பூச்சு பெயர்ந்த பகுதி இன்னும் அங்கேயே இருக்கும். அப்படிப்பட்ட செயின் ஓரிரு வெட்டிலேயே மறுபடி மொண்ணையாகிவிடும். வெளிச்சத்தில் பல்லின் முனைமூலையைத் திருப்பிப் பார்த்தால் சேதம் ஒரு வெள்ளைக்கோடாக மின்னும். அந்தக் கோடு மறையும்வரை அரம் போட்டாக வேண்டும்.

இரண்டாவது காரணம், ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் நிற்கும் சிறு திமில், அதாவது டெப்த் கேஜ். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது இதுதான். .325 செயினில் பல்லின் முனையைவிட இது பொதுவாக 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். பல்லின் மேல்தகடு பின்பக்கம் சரிந்திருப்பதால், அரம் போடப் போடப் பல் குட்டையாவதோடு தாழவும் செய்கிறது. திமில் மட்டும் பழைய உயரத்திலேயே நிற்கும். பலமுறை அரம் போட்டும் திமிலைத் தொடாவிட்டால் இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். இந்தச் செயினில் இடப்பல்லில் 0.25, வலப்பல்லில் 0.4 மி.மீ.தான் இருந்தது. பல் எவ்வளவு கூராக இருந்தாலும் 0.25 மி.மீ.க்குமேல் கடிக்க வழியில்லை. அதனால்தான் அழுத்த வேண்டியிருந்தது, அழுத்தியதால்தான் சூடு.

புகைக்கு இன்னொரு வேரும் இருந்தது. பார் எண்ணெய்த் தொட்டியில் முக்கால் பங்கு மிச்சம். பெட்ரோல் தொட்டி ஒருமுறை காலியாகும்போது எண்ணெய்த் தொட்டியும் ஏறக்குறைய காலியாகியிருக்க வேண்டும். எண்ணெய் அவ்வளவு மிஞ்சினால் பாரின் எண்ணெய்த் துளையில் தூள் அடைத்திருக்கிறது. மெல்லிய கம்பியால் குத்தி எடுத்துவிட்டு, பார் நுனியை ஒரு வெளிர்நிறப் பலகைக்கு ஒரு சாண் மேலே பிடித்து ஆக்சிலேட்டரை முக்கால் அளவு அழுத்தினால், சில நொடிகளில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் அந்த மெஷினால் அறுக்கக் கூடாது.

வளைவு எங்கிருந்து வந்தது

வெட்டு வளைந்தால் சந்தேகம் இரண்டின் மேல்: செயின், அல்லது பார். பிரித்தறிய ஒரு எளிய சோதனை உண்டு. பாரைக் கழற்றி, கீழ்விளிம்பு மேலே வரும்படி புரட்டிப் பொருத்தி, அதே செயினால் ஒரு வீணான கட்டையை அறுத்துப் பார்க்க வேண்டும். வளைவு மறைந்தாலோ திசை மாறினாலோ கோளாறு பாரில். அதே பக்கம் அதே அளவில் வளைந்தால் செயினில். இங்கே அதே வலப்பக்கம்தான் வளைந்தது. ஆகவே முதலில் செயின்.

72 டிரைவ் லிங்க் உள்ள சாதாரண செயினில் 36 வெட்டும் பல்: வலம் 18, இடம் 18. காலிப்பரால் மேல்தகட்டு நீளத்தை அளந்தால், வலப்பல் 7.2 மி.மீ., இடப்பல் 6 மி.மீ. இது கைப்பழக்கத்தால் வருவது. ஒரு பக்கப் பல்லுக்கு அரத்தைத் தள்ளுவது கைக்கு இயல்பாக வரும். மறுபக்கத்துக்கு மணிக்கட்டைத் திருக வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாகத் தேய்வதும் கோணம் மாறுவதும் அதனால்தான். நீளப்பல் உயரமாகவும் நிற்கும், அகலமாகவும் வெட்டும். அதன் திமில் இடைவெளியும் கூடுதல். எனவே நீளமான, கூரான, ஆழமாகக் கடிக்கும் பல் உள்ள பக்கத்துக்கே செயின் பாரை இழுத்துக்கொண்டு போகும்.

சரிசெய்யும்போது குட்டையான பல்தான் அளவுகோல். 36 பற்களிலும் மிகக் குட்டையானதைக் கண்டுபிடித்து மையால் குறித்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்குச் சமமாகக் குறைக்க வேண்டும். மேல்தகடு 4 மி.மீ.க்குக் கீழே போய்விட்டால் பல் உடையும் அபாயம் உண்டு. செயினையே மாற்ற வேண்டும். .325 செயினுக்கு 4.8 மி.மீ. உருண்டை அரம், 3/8 குறைந்த உயரச் செயினுக்கு 4 மி.மீ.; முழு 3/8 செயினுக்கு 5.2 அல்லது 5.5 மி.மீ. அரத்தின் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தகட்டுக்கு மேலே தெரிய வேண்டும். தாழ்வாகப் பிடித்தால் முனை கொக்கிபோல் குடைந்து, கெட்டி மரத்தில் சீக்கிரம் உடையும். உயர்த்திப் பிடித்தால் முனை பின்சாய்ந்து மரத்தில் ஏறாது. குறுக்கறுப்புக்கு மேல்தகட்டுக் கோணம் 30 பாகை. உள்ளிருந்து வெளியே தள்ளும் இழுப்பு மட்டுமே. திரும்பி வரும்போது அரத்தைத் தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் எத்தனை இழுப்பு என்று எண்ணிக்கொள்வதைவிட நல்ல பழக்கம் இதில் இல்லை. பாரை வைஸில் பிடித்து, ஒரு பக்கப் பல் முடிந்ததும் மெஷினைத் திருப்பி மறுபக்கம் நின்று அரம் போட்டால் மணிக்கட்டுத் திருகலும் இருக்காது.

பல் முடிந்தபிறகுதான் திமில். அளவுத்தகட்டைச் செயின்மேல் வைத்து, துளைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அளவைத் தட்டை அரத்தால் எடுத்து, முன்விளிம்பை மறுபடி உருட்டிவிட வேண்டும். "இன்னும் கொஞ்சம் இறக்கினால் வேகமாக அறுக்குமே" என்று 1 மி.மீ. வரை இறக்குகிறவர்கள் உண்டு. அந்தச் செயின் மரத்தைப் பிய்க்கும், உதறும், க்ளட்சைத் திணறவைக்கும். பார் நுனியின் மேல்கால்பாகம் எதிலாவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும் வேகமும் கூடும். இதை நாங்கள் எந்த மரத்துக்கும் சம்மதிக்க மாட்டோம்.

இத்தனையும் செய்து அறுத்துப் பார்த்தால், வளைவு பெருமளவு குறைந்தது. ஆனால் முழுதாகப் போகவில்லை. பெரும்பாலோர் இங்கே நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது.

ஒரு நேர்கோலை பாரின் பக்கவாட்டில் சாய்த்து, செயினின் பல்லையும் தொடும்படி வைத்துப் பார்க்க வேண்டும். பாரின் உடலுக்கும் கோலுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிந்தால் செயின் நிமிர்ந்து நிற்கிறது. இடைவெளி இல்லாமல் கோல் பாரோடு ஒட்டினால் செயின் காடிக்குள் சாய்கிறது. இங்கே ஒட்டியது. காடி தேய்ந்துவிட்டதா என்று பார்த்தால், தேய்மானம் அதிகமில்லை. பாரில் பொறித்திருந்த கேஜ், அதாவது காடியின் அகலம், 1.5 மி.மீ.; செயினின் டிரைவ் லிங்க்கில் பொறித்திருந்த எண்ணோ 1.3 மி.மீ.க்கு உரியது. .325 பிட்ச் இரண்டு தடிமனிலும் வருகிறது. லிங்க் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்துவிட்டால் செயின் சுலபமாக ஏறும், ஓடும், அறுக்கும். காடியில் 0.2 மி.மீ. ஆட்டம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. வெட்டு மட்டும் ஒருநாளும் நேராக வராது. செயின் வாங்கும்போது பிட்ச், கேஜ், லிங்க் எண்ணிக்கை மூன்றும் பார்மேல் உள்ளதோடு பொருந்த வேண்டும். பிட்ச், செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டோடும் பொருந்த வேண்டும்.

கேஜ் சரியாக இருந்தும் சாய்ந்தால், பாரின் இரு விளிம்புகளும் சமமாக இல்லை என்று கொள்ளலாம். மூலைமட்டத்தைப் பாரின் பக்கத்தில் அணைத்து விளிம்பின்மேல் வைத்தால் தாழ்ந்த பக்கம் தெரியும். தட்டை அரத்தால் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, வெளிப்பக்கம் பிதுங்கி நிற்கும் கூரான பிசிரையும் எடுத்துவிட வேண்டும். பாரை அவ்வப்போது புரட்டிப் போட்டு வந்தால் இந்தத் தேய்மானம் இரு விளிம்பிலும் பகிர்ந்துபோகும்.

இருவர் ரம்பம்

இந்த ரம்பத்தில் நான்கு வெட்டும் பல்லுக்கு ஒரு வாரிப்பல். வெட்டும் பற்கள் இடமும் வலமுமாகச் சாய்ந்து, கத்திபோல் மர நாரை இரண்டு கோடாகக் கீறுகின்றன; பின்னால் வரும் வாரிப்பல், இழைப்புளிபோல் அந்த இரு கோட்டுக்கு நடுவே உள்ள மரத்தைச் சீவி வெளியே இழுத்து வருகிறது. ஆரம்பகாலச் செயின்களும் இப்படித்தான் இருந்தன: கைரம்பத்தின் கீறும் பல்லும் வாரும் பல்லும் அப்படியே சங்கிலியில். அவை சீக்கிரம் மழுங்கின. 1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, மரம் துளைக்கும் வண்டின் புழு தன் தாடையால் இடமும் வலமுமாக மரத்தை அரித்துக்கொண்டு போவதைக் கவனித்து, அந்த வடிவில் வளைந்த பல்லை உருவாக்கினார். 1947-ல் அது விற்பனைக்கு வந்தது. இன்றைய செயின் பல் அதன் வழித்தோன்றல். வாரிப்பல் அதில் இல்லை. வெட்டும் பல்லே சீவியும் எடுக்கிறது. ஆனால் பல்லுக்கும் அதன் துணைக்கும் இடையே உள்ள மில்லிமீட்டர் பின்னம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது என்ற விதி இரண்டுக்கும் ஒன்றே.

கைரம்பத்தில் வாரிப்பல் வெட்டும் பல்லைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். காய்ந்த கெட்டி மரத்துக்கு 0.2 முதல் 0.3 மி.மீ.; ஈரமான மென்மரத்துக்கு 0.5 அல்லது அதற்குச் சற்று மேல். இந்த ரம்பத்தில் வெட்டும் பற்களுக்கு மட்டுமே பலமுறை அரம் போட்டு, வாரிப்பல்லைத் தொடாமல் விட்டதால் இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. அடையாளம் சீவலிலேயே இருந்தது. நல்ல ரம்பத்தின் சீவல் நீளமாக, ஓரம் சுத்தமாக வரும். இதில் ஓரமெல்லாம் மீசைபோல் நார் பிரிந்திருந்தது. கீறாத நாரை வாரிப்பல் பிடுங்குகிறது. இழுப்பவர் கைக்கு அதுதான் கனமாகத் தெரிந்தது. நேர்மாறாக வாரிப்பல் அதிகம் குட்டையாகிவிட்டால், கீறிய மரம் வெளியே வராமல் தடத்திலேயே தங்கி, சீவல் காகிதம்போல் மெலியும்.

வலப்பக்கம் ஓடியதற்குக் காரணம் பல் சாய்ப்பு. வலப்பக்கப் பற்கள் 0.4 மி.மீ. வெளியே சாய்ந்திருந்தன, இடப்பக்கம் 0.2 மட்டுமே. சாய்ப்பு கூடிய பக்கம் ரம்பம் ஓடும். செயினில் பல் நீளம் செய்த வேலையை இங்கே சாய்ப்பு செய்கிறது.

செப்பனிடும் வரிசை முக்கியம். முதலில் பல்முனைகள்மேல் தட்டை அரத்தை நீளவாக்கில் ஓட்டி, ஒவ்வொரு வெட்டும் பல்லின் தலையிலும் ஒரு சிறு பளபளப்பு தெரியும்வரை மட்டப்படுத்த வேண்டும். அடுத்து வாரிப்பற்களை அளவுக்கு இறக்கி அவற்றின் முனையைக் கூராக்க வேண்டும். பிறகே வெட்டும் பற்கள்: தலையில் உள்ள பளபளப்பு மறையும் கணத்தில் அரத்தை நிறுத்திவிட வேண்டும், அதற்குமேல் ஓர் இழுப்பு போட்டாலும் அந்தப் பல் குட்டையாகி வேலை செய்யாது. கெட்டி மரத்துக்கு விளிம்பை மிக மெல்லியதாக்கக் கூடாது. கடைசியாகச் சாய்ப்பு: சிறு பட்டடைக் கட்டியைப் பல்லுக்குப் பின்னால் பிடித்து, முனையை மட்டும் சுத்தியால் தட்டி, இருபக்கமும் 0.25 மி.மீ. தச்சரின் சிறிய கைரம்பத்தில் வரிசை வேறு. அங்கே சாய்ப்பு முதலில், கூர் பிறகு. பல் சிறிதானதால் சாய்க்கும்போது விளிம்பு கெட்டுவிடும் என்பதுதான் காரணம்.

வாரிப்பல்லே இல்லாத, முக்கோணப்பல் மட்டும் உள்ள பழைய ரம்பங்களையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். காய்ந்த கெட்டி மரத்தில் அவை நன்றாகவே அறுக்கும். ஈர மரத்தில் மட்டும் பல்லிடுக்கில் தூள் அடைத்துக்கொள்ளும்.

ரம்பத்தின் நீளம், மரத்தின் விட்டத்தோடு ஏறக்குறைய 90 செ.மீ. கூட்டியது, இந்த மரத்துக்கு 130 செ.மீ. ஒருவர் இழுக்கும்போது மற்றவர் தள்ளக் கூடாது. தள்ளினால் தகடு நெளிந்து தடத்தில் முட்டும். கையை இலேசாக விட்டுக்கொடுத்து, தன் முறை வந்ததும் இழுப்பதே போதும். எடையை ரம்பமே கொடுக்கும். ரம்பத்தின் முதுகு மரத்துக்குள் இறங்கியதும் மேலே ஆப்பு செருக மறக்கக் கூடாது.

மறுபடி அறுத்தபோது

கோடரியால் வெட்டுக்கோட்டின் இருபுறமும் பட்டையை ஒரு சாண் அகலத்துக்குச் செதுக்கி எடுத்தாயிற்று. மண்ணும் அதோடு போயிற்று. வெட்டு விழும் இடத்தின் இருபக்கமும் கட்டைகளை முட்டுக்கொடுத்து, பிரிந்த துண்டுகள் காலில் விழாதபடி செய்தாயிற்று. செயின் 1.5 கேஜுக்கு மாற்றி, முனைமூலை சற்று உருண்ட பல்வகை பொருத்தப்பட்டது. கூர்மூலை கொண்ட பல் சுத்தமான மரத்தில் வேகம், ஆனால் காய்ந்த, அழுக்கான மரத்தில் உருண்டமூலைதான் நிற்கும். மேலிருந்து 13 செ.மீ., பிறகு பாரின் மேல்விளிம்பால் கீழிருந்து மேல்நோக்கி. கீழிருந்து அறுக்கும்போது செயின் மெஷினை ஆள்மீது தள்ளும். கைகளும் காலும் அதற்குத் தயாராக இருக்க வேண்டும், பார் நுனி எதையும் தொடக் கூடாது. வெட்டு நேராகச் சந்தித்தது.

அதே மரத்தைப் பலகையாக நெடுக்கே அறுப்பதானால் கணக்கு வேறு. .325 செயினின் தடம் சுமார் 7 மி.மீ. அகலம், நெடுக்கறுப்பு கைரம்பத்தின் தடம் 2 முதல் 3 மி.மீ. பத்து வெட்டுக்கு ஒன்றில் 7 செ.மீ. மரம் தூளாகிறது, மற்றதில் 2 அல்லது 3 செ.மீ. விலைமதிப்புள்ள வைரப்பகுதி (உறுதியான உள்மரம்) உள்ள மரத்தில் இந்த வித்தியாசம் இரண்டு பலகை. செயினால் நெடுக்கே அறுத்தே ஆக வேண்டுமென்றால் மேல்தகட்டுக் கோணத்தை 30-லிருந்து 10 பாகைக்குக் குறைத்த செயின் வேண்டும். 50 சிசி எஞ்சின் அதற்குத் திணறும்.

வேலை முடிந்ததும் சூடான செயினை அப்படியே இறுக்கமாக விட்டுவைக்கக் கூடாது. சூட்டில் நீண்டதை இறுக்கியிருந்தால், ஆறும்போது அது சுருங்கி கிராங்க் தண்டையும் பேரிங்கையும் இழுக்கும். தளர்த்திவிட்டு, மறுநாள் குளிர்ந்த நிலையில் டிரைவ் லிங்க் காடியைவிட்டு வெளியே வராமலும், கையால் இழுத்தால் செயின் தாராளமாக ஓடும்படியும் இறுக்கிக்கொள்ளலாம். ரம்பத்துக்கு எண்ணெய் தடவிப் பல்லின்மேல் பிளந்த மூங்கிலைச் செருகி வைத்தால் போதும்.